பணிக்கத்தில் ஒரு வாய் இரசம்

தின்கன்ஜூன் பேட்டையில், கோயில்பிள்ளை வேலை பார்க்கும் ஞானமுத்துவைத் தெரியாத கிறிஸ்தவக் குடும்பம் கிடையாது. நாற்பது வருஷமாகப் பீடத்துக்குத் திராட்சை இரசம் எடுத்து வைக்கிற கை. பூசையில் ஒரு சொட்டு சிந்திவிட்டால் போச்சு, மனுஷன் முட்டிபோட்டுத் துடைத்து, துணி அலசிய தண்ணீரையும் கால்படாத மண்ணில்தான் ஊற்றுவார். மகள் ஷாரோனையும் அப்படியே வளர்த்தார். அங்கேதான் வந்தது வினை.

ஷாரோனுக்கு இருபத்தாறு வயது. அவள் வேலை பார்க்கும் ஹோட்டல் ஈயோட்டிக்கொண்டிருந்தது. பட்டாள ஆட்சிக்காரர்கள் கட்டாயச் சேவைக்கென்று வார்டில் பெண்கள் பெயரையும் எழுதிக்கொண்டு போனதிலிருந்து அப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவளுடைய பழைய மேனேஜர் மெக்சிகோவிலிருந்து கூப்பிட்டார். அங்கே குவாடலூப்பே பள்ளத்தாக்கில் புதிது புதிதாகத் திராட்சைத் தோட்டங்களாம், ஒயின் ருசி பார்க்கவே பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்களாம். சுற்றிக்காட்ட இங்கிலீஷும் சீனமும் தெரிந்த பெண் வேண்டுமாம். மாதா பெயர்கொண்ட ஊர் என்றதுமே ஞானமுத்து பாதி சம்மதித்துவிட்டார்.

பரீட்சை ஒன்றே ஒன்று. போனில் தோட்டத்து முதலாளியம்மாள் பார்க்க, மூன்று ஒயினை ருசித்துத் துப்பிவிட்டு, ருசி எப்படியென்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை ருசிக்கிறவள் விழுங்கினால் சாயங்காலம் எப்படி நிற்பாள்? நியாயம்தானே.

பரீட்சை அன்று காலையில் நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது. மேசையில் மூன்று பாட்டில், பக்கத்தில் ஞானமுத்து வெற்றிலை துப்புகிற பணிக்கம். ருசியெல்லாம் ஷாரோன் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் முதல் வாயை விழுங்கிவிட்டாள். இரண்டாவதையும் விழுங்கினாள். மூன்றாவதையும் விழுங்கினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளியம்மாள் கறாராகச் சொன்னாள்.

"முடியலப்பா," என்றாள் ஷாரோன். "வாயில வச்சா பூசையில நன்மை வாங்குற மாதிரியே இருக்கு."

"இது மந்திரிக்காத இரசம், பாப்பா."

சொல்லிவிட்டாரே தவிர, நெஞ்சு சுட்டது. ஏழு வயதில் கோயில் பாட்டிலை அவள் கைதவறி உடைத்தபோது முதுகில் அறைந்தவர் இவர்தானே? அதுவும் மந்திரிக்காததுதான். சின்னஞ்சிறிசை அடித்த பாவி நான் என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

ஞானமுத்து எழுந்தார். கேமராவையெல்லாம் சட்டை செய்யாமல் மூன்றாவது பாட்டிலை எடுத்து வாய்நிறைய ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். பணிக்கத்தில் சளாரென்று துப்பினார். தாடி நனைந்தது.

ஷாரோன் அப்பாவையே பார்த்தாள். பிறகு கிளாஸை எடுத்து ஒரு வாய் ருசித்து, அவளும் துப்பிவிட்டு ருசி சொன்னாள்.

வேலை கிடைத்தது. அடுத்த மாதமே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஞானமுத்து பணிக்கத்தைக் கொல்லைக்கு எடுத்துப்போய், கொய்யா மரத்துக்குப் பின்னால் கால்படாத மண்ணில் ஊற்றினார். ஷாரோன் பின்னாலேயே வந்து நின்றாள்.

"பாவமாப்பா?"

அவர் திரும்பவில்லை. முட்டிபோட்டுப் பணிக்கத்தைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தார்.

"இருந்தா எனக்கு இருக்கட்டும். நீ பத்திரமா அங்க போய்ச் சேரு."