பலகார விரதம்

வெங்கடநாராயணனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றும் கிடையாது. அவருடைய அபிப்பிராயம் அது. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு கையெழுத்துப் போட எதுவும் வராததால், மின்சாரக் கட்டணம் முதல் மேற்கு ஆசியா வரை எல்லாவற்றையும் வாயாலேயே பைசல் செய்துகொண்டிருந்தார். லேக் மார்க்கெட் பக்கத்து அந்த வீட்டில் இதைக் கேட்க வாய்த்தவள் அவர் மனைவி காமு ஒருத்திதான். அவர் தொண்டையைக் கனைக்கும்போதே காதை அடைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

துர்கா பூஜை முடிந்ததிலிருந்து காமுவுக்கு உடம்பு சரியில்லை. நெஞ்சு திடீரென்று தாறுமாறாக அடித்துக்கொள்ளும். இரண்டு தடவை கண் இருட்டிச் சமையலறையிலேயே சாய்ந்துவிட்டாள். கணவரிடம் சொன்னாள்.

"கேஸ்," என்றார் அவர், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மோர்ல பெருங்காயம் கரைச்சுக் குடி."

வைத்தியம் அத்தோடு முடிந்தது. தன் இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கிறதா, இல்லையா? காமுவுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். ஆனால் பேப்பருக்குப் பின்னால் இருக்கும் மனிதரிடம் அதை யார் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. நியூ டவுனில் ஒரு மருத்துவமனை, நல்ல இதயமும் நோய்ப்பட்ட இதயமும் எதை எரித்து வேலை செய்கின்றன என்று ஆராய்கிறதாம். நோயில்லாத தம்பதிகள் வேண்டும்; உடம்புக்குள் நடப்பதைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் இலவசம்.

"நம்ம ஹார்ட்டைப் பாத்து அசந்து போயிடுவா," என்று குதித்தார் வெங்கடநாராயணன்.

"எனக்கு மயக்கம் வரதே, சொல்ல வேண்டாமா?"

"சொன்னா சேத்துக்க மாட்டா. வாயை மூடிண்டு வா."

காமு வாயை மூடிக்கொண்டு போனாள். அவருக்குப் பயந்து அல்ல. அந்த மெஷினுக்குள் படுக்க வேறு வழி தெரியாததால்.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் ப்ரியா ஹவுராவில் தங்கிவிட்ட தமிழ் ரயில்வே குடும்பத்துப் பெண். தமிழிலேயே விளக்கினாள். "முந்தின நாள் அரிசி, கோதுமை, ரவை, பால், சர்க்கரை எதுவும் கூடாது ஆன்ட்டி. நெய்யில வறுத்த பனீர், தேங்காய், அவ்வளவுதான். ராத்திரிக்கு மேல வெறும் தண்ணி. அப்படி இருந்தா நல்ல இதயம் கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் லேசா கதிர்வீச்சு இருக்கற சர்க்கரையை ஊசில போடுவோம். நல்ல இதயம் அதைத் தொடாது, படத்துல இருட்டா இருக்கும். வீக்கம் இருக்கற இடம் மட்டும் சர்க்கரையை இழுத்துக்கிட்டு பளிச்சுனு தெரியும். ஒரு மாதிரி விரதம்னு வச்சுக்கோங்க."

வெங்கடநாராயணன் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். "எனக்கா விரதம் சொல்லித் தரே? ஏகாதசி தப்பினதில்லை நான்," என்று எழுந்துவிட்டார்.

நம்மவர்கள் விரதம் என்ன விரதம் என்று தெரிந்ததுதானே. சோறு கிடையாது, வாஸ்தவம். ஆனால் அடை உண்டு, தோசை உண்டு, உப்புமா உண்டு. வழக்கமான சாப்பாட்டைவிட ஒரு பிடி அதிகமாகவே உள்ளே போகும். பிறகு ஏப்பம் விட்டுக்கொண்டு, "இன்னிக்கு விரதம்" என்று சொல்வதற்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் வராது.

"ரவா உப்புமா பண்ணு," என்றார் முந்தின நாள்.

"ரவை கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே."

"மீன் திங்கற ஊர்ல பொறந்தவ. அவளுக்கு விரதத்தைப் பத்தி என்ன தெரியும்?"

அவரும் இதே ஊரில் பிறந்தவர்தான். காமு இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. தின்று தொலையட்டும் என்று முந்திரி வறுத்துப்போட்டுக் கிண்டி வைத்தாள். தான் மட்டும் நெய்யில் புரட்டிய பனீரைக் குமட்டக் குமட்ட விழுங்கினாள். காலையில் அவர் சர்க்கரை போட்ட காபியும் குடித்தார். காபி ஆகாரத்தில் சேராதாம்.

ஸ்கேன் முடிந்து சில நாளில் ப்ரியா இருவரையும் கூப்பிட்டனுப்பினாள். திரையில் இரண்டு படங்கள். அவருடைய இதயம் முழுக்கத் தகதகவென்று எரிந்தது. காமுவின் படம் கறுப்பு. அதில் ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம்.

"பாத்தியா?" என்று மொபைலை எடுத்து அதைப் படம் பிடித்தார், சங்கத்துக்கு அனுப்ப. "என்னோடது ஜெகஜோதியா இருக்கு. உன்னோடது அழுது வடியறது."

ப்ரியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அங்கிள், முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க?"

"விரதம்தான்."

"ரவா உப்புமா, ரெண்டு வாட்டி வாங்கிண்டார்," என்றாள் காமு. "கார்த்தால சர்க்கரை போட்ட காபி."

"அதான் இதயம் முழுக்கச் சர்க்கரையை இழுத்திருக்கு. உங்க படம் எதுக்கும் உதவாது அங்கிள். தூக்கிப் போட வேண்டியதுதான்." அவள் நாற்காலியைக் காமுவின் பக்கம் திருப்பினாள். "ஆன்ட்டி, உங்களுக்கு மயக்கம் ஏதாவது வந்ததா?"

"அது கேஸ்," என்றார் வெங்கடநாராயணன்.

"உங்களையா கேட்டா?"

கல்யாணமான நாளிலிருந்து காமு அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ப்ரியாவிடம் திரும்பி, நெஞ்சு அடித்துக்கொண்டதையும் விழுந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கணும் ஆன்ட்டி. இந்த இடத்துல இதயத் தசை வீங்கியிருக்குன்னு நினைக்கிறேன். இன்னும் சில டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும். மயக்கமும் இருக்கறதால உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க. மருந்து இருக்கு, பயப்படாதீங்க."

காமுவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேஸ் இல்லை, பொய் இல்லை, தன் நெஞ்சு சொன்னது நிஜம் என்பதில் ஒரு நிம்மதியும் வந்தது. நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காமு கணவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்துக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வரும் என்று நின்றாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "அப்போ ராத்திரிக்கு எனக்கு?"

காமு இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"ரவை மேல் தட்டுல இருக்கு," என்றாள். "விரதம்னு நெனச்சுண்டு நீங்களே கிண்டிக்கோங்கோ."

யாரும் பிடிக்காமல் தானே சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "போகலாம்மா," என்றாள் நர்ஸிடம்.