ராவுத்தர் சொன்ன ‘தா’

ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்த ஷரபுதீன் ராவுத்தரிடம் உமக்கு எத்தனை பாஷை தெரியும் என்று கேட்டால், “எதிர்ல நிக்கிறவன் மடி எவ்வளவு கனமோ அவ்வளவு பாஷை” என்பார். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் அவர் தோளில் ஒரு சட்டைத்துணி விழுந்திருக்கும், அளவும் எடுத்தாகியிருக்கும்.

அந்தக் கடையில் துணியோடு இனாமாகக் கிடைத்தது ஒரு சொல்.

“இந்தத் ‘தா’ இருக்கே, ஒத்தை எழுத்து. நம்ம ஆளு சொன்னா ‘கொடு’. மலாய்க்காரன் சொன்னா ‘இல்லை’. தா மாவ்னா வேணாம், தா போலேன்னா முடியாது. ஹொக்கியன் சொன்னா ‘காஞ்சுபோச்சு’. கண்டோன் சீனன் சொன்னா ‘அடி’. துரைசானி சொன்னா ‘நன்றி’. அது தெரியாம, ஒரு கைக்குட்டையை வாங்கிக்கிட்டு ‘தா’ன்னாங்களேன்னு நான் இன்னொண்ணை நீட்டினேன். அதுக்கும் ‘தா’. எட்டுக் கைக்குட்டை போனப்புறந்தான் அந்தம்மா நன்றி சொல்றாங்கன்னு புரிஞ்சுது லா!”

எத்தனை முறை சொன்னாலும் கடை சிரிக்கும். இந்த வேடிக்கையை அவர் எங்கே பிடித்தார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

பிடித்த இடம் அதே கடையின் பின்கட்டுதான். ஊரெல்லாம் காய்ச்சலில் பிணம் விழுந்த 1918ஆம் வருஷம். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த லியோங்குக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இந்தக் குழந்தை கூடவே வளர்ந்தால் தகப்பன் உயிருக்கு ஆகாது என்று சீன ஜோசியன் ஒருவன் சொல்லிவிட்டான். அப்படிப்பட்ட பெண் குழந்தைகளைத் தோட்டத்துத் தமிழர்களிடம் கொடுத்துவிடுவது ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பக்கத்தில் அப்போது புதிதல்ல. செமோர் ஊருக்கு அந்தப்புறம் ரப்பர் தோட்டத்தில் செல்லாயி என்றொரு பெண், மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றையும் புதைத்தவள். ராவுத்தருக்கு இரண்டு வீடும் வாடிக்கை. சரக்கு இருக்கும் இடமும் தேவை இருக்கும் இடமும் தெரிந்த வியாபாரி சும்மா இருப்பாரா?

ஆனால் பேரம் படியவில்லை. லியோங்கின் மனைவி ஆ யூன், பத்து வயதுவரை என்றால் தருகிறேன், அதற்குள் தோஷம் கழிந்துவிடும் என்றாள். செல்லாயியோ, “திருப்பிக் கேப்பாங்கன்னா வேணாம் ராவுத்தரே. இன்னொண்ணைப் பறிகுடுக்க எனக்குத் தெம்பில்ல” என்றாள். ராவுத்தர் நடுவில் நின்றார். சீனர் பக்கம் திரும்பி, “பத்து வயது, சரி என்கிறாள்” என்றார். தமிழர் பக்கம் திரும்பி, “காலத்துக்கும் உனக்குத்தான்” என்றார். கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவருக்கு இது பொய்யாகவே படவில்லை. இரண்டு பக்கமும் தலையாட்டினால் வியாபாரம் முடிந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு யார் எங்கே இருப்பார்களோ!

அப்போதுதான் செல்லாயி இரண்டு கையையும் நீட்டி, “தா” என்றாள். ஆ யூன் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் பாஷையில் அது அடி. ராவுத்தர் வாய்விட்டுச் சிரித்து, கொடு என்றுதான் கேட்கிறாள் என்று விளக்கினார். ஆ யூன் கொடுத்தாள்.

1927இல் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது லியோங்கும் ஆ யூனும் கடை வாசலில் வந்து நின்றார்கள். பிறந்த அன்றே ஒரு வயது என்னும் சீனர் கணக்கில் பெண்ணுக்குப் பத்து வயது.

குழந்தை எப்போதோ செத்துப்போயிற்று என்று சொல்ல ராவுத்தருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் ஆ யூன் கைப்பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். இரண்டு சின்னச் சட்டைகள். துணிக்காரர் கண் தையலுக்குத்தான் போனது. மகளின் அளவு தெரியாததால், வேண்டுமானால் பிரித்துப் பெரிதாக்கலாம் என்று பக்கவாட்டில் இரண்டு விரற்கடைத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தாள். நாக்கு நுனிக்கு வந்தது தொண்டைக்குத் திரும்பிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் செமோரில் ரயிலிறங்கித் தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்தார்கள். வழியெல்லாம் ஆ யூன் கேட்டபடியே வந்தாள். உயரமா? சாப்பிடுகிறாளா? சீன பாஷை ஒரு சொல்லாவது தெரியுமா?

“எங்கே தெரியப்போகிறது!” என்றார் ராவுத்தர். அப்படித்தான் நம்பவும் செய்தார்.

பெண்ணின் பெயர் இருளாயி. தோட்டத்திலேயே வெளுத்த குழந்தைக்கு இருளாயி என்று பெயர் வைத்ததில் லயத்து வரிசை வீடுகளுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் இருளாயி அம்மனுக்கு நேர்ந்த வேண்டுதல் வேண்டுதல்தான். பாவாடை கட்டி, எண்ணெய் வழியப் பின்னலிட்டு, கோழிகளுக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தாள். ஆ யூன் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள்.

செல்லாயி வாசலுக்கு வந்தாள். முகம் வெளிறிவிட்டது. “யாரு ராவுத்தரே இவங்க?”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்காங்க தங்கச்சி. ஒரு வாய் தண்ணி குடு.” பிறகு சீனரிடம், “சந்தோஷப்படுகிறாள். கொஞ்சம் அவகாசம் கேட்கிறாள்” என்றார்.

கை தானாக அளப்பதுபோல நாக்கு தானாகவே பேசிவிட்டது. லியோங்குக்குப் பொறுமையில்லை. ரப்பர்ப் பால்வெட்டு முடிந்து வந்து கையலம்பிக்கொண்டிருந்த செல்லாயியின் புருஷன் மாயாண்டியிடம் நேரே போய், எல்லாருக்கும் தெரிந்த சந்தை மலாயில், “பத்து வயசாச்சு, கூட்டிப்போக வந்தேன்” என்று சொல்லிவிட்டார்.

மாயாண்டி ஈரக் கையோடு நிமிர்ந்தான். “ராவுத்தரே, இதென்ன பத்து வயசுக் கணக்கு? காலத்துக்கும்னுல்ல அன்னிக்குச் சொன்னீரு?”

லயத்து வாசல்களில் தலைகள் முளைத்தன.

“சொன்னேன்” என்றார் ராவுத்தர். “உங்களுக்கு அப்படிச் சொன்னேன். அவங்களுக்குப் பத்து வயசுன்னு சொன்னேன்.” அதையே சீனத்திலும் சொன்னார். சொல்லி முடித்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டு பக்கத்துக்கும் ஒரே சரக்கைக் காட்டியிருந்தார்.

“தா!” என்று லியோங் ராவுத்தர்மேல் கையை ஓங்கினார். செல்லாயிக்கு அது கொடு என்று கேட்டது, ஓடிப்போய் இருளாயியை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான், ஆ யூனைப் பார்த்து, “தா போலே! தா போலே!” என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். கடையில் ஆள் மாற்றி ஆள் சிரித்த சொல்லுக்கு இங்கே சிரிக்க ஒருவரும் இல்லை.

மாயாண்டி ஓங்கிய கையைப் பிடித்து இறக்கினான். “இந்த ஆள வெச்சுப் பேசினா வெளங்காது. ஏ இருளாயி, செமோர்க் கடையில அந்தச் சீனத்தி கூட வாயடிப்பியே, நீ கேளுடி. என்னதான் வேணுமாம் இவங்களுக்கு?”

ராவுத்தருக்குத் தூக்கிவாரிப்போட்டது. செமோர்க் கடைக்குத் தினமும் உப்புமீனும் மண்ணெண்ணெயும் வாங்கப் போகிற பெண்ணுக்குப் பேச்சு வராமலா இருக்கும்?

இருளாயி ஆ யூன் எதிரில் போய் நின்றாள். ஆ யூன் ஒரு சட்டையை அவள் தோளில் வைத்துப் பார்த்தபடி அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். பெண்ணுக்கு அது முழுக்கப் புரிந்தது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“என்னடி சொல்றா?” என்று கேட்டாள் செல்லாயி.

இருளாயி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை ராவுத்தருக்குப் பழக்கமான பார்வை. எதிராளி எதற்குத் தலையாட்டுவான் என்று கணக்குப் போடுகிற பார்வை.

“நான் இங்கயே இருக்கலாமாம்மா. வருஷா வருஷம் சீனப் பெருநாளுக்கு வந்து பாத்துட்டுப் போவாங்களாம். அவ்வளவுதான்.”

பிறகு சீனத்தில், “இப்போது கூட்டிப்போனால் இவள் செத்துவிடுவாள். பெருநாள் வரட்டும், வந்து கூட்டிப்போங்கள் என்கிறாள். அழாதீர்கள்” என்றாள்.

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் மூச்சுவிட்டார்கள். லியோங் மாயாண்டியைப் பார்த்து, “பெத்துல்?” என்று கேட்டார், உண்மைதானா என்று. “பெத்துல், பெத்துல்” என்று மாயாண்டி தலையாட்டினான். அவனவன் தன் காதில் விழுந்ததைத்தான் உண்மை என்றான்.

இருளாயியைத் தவிர இரண்டும் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான்.

“இல்ல!” என்றார் ராவுத்தர். “புள்ள மாத்திச் சொல்லுது. மாயாண்டி, அவங்க பெருநாளுக்குக் கூட்டிட்டே போக வராங்க. செல்லாயி, கேளு, சத்தியமாச் சொல்றேன்...” சீனத்திலும் சொன்னார். சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன.

“வாய மூடும்!” செல்லாயி சீறினாள். “அவங்களே விட்டுட்டுப் போறாங்க, ஒமக்கு என்னய்யா வயித்தெரிச்சல்? இன்னும் யாருக்கு என்ன வித்துக் குடுக்கணும்?”

“பெண் சொல்கிறாள். நீ பேசாதே” என்றார் லியோங்.

மாயாண்டி ராவுத்தரின் தோளைப் பிடித்துப் பாதைப் பக்கமாகத் திருப்பிவிட்டான், அவ்வளவுதான். திரும்புகிற நேரத்தில் அவர் கண்ணில் இருளாயி பட்டாள். புதுச் சட்டையின் மடிப்பை விரலால் தடவிக்கொண்டு, எங்கே மறுபடியும் போட்டு உடைத்துவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அவருக்கு இந்தத் தொழில் படிய முப்பது வயதாயிற்று.

செல்லாயி பின்னாலேயே ஓடிவந்து ஆ யூன் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தாள். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

செம்மண் பாதையில் லியோங் முன்னால் போனார். ஆ யூன் விரல் மடக்கிப் பெருநாளுக்கு எத்தனை வாரம் என்று கணக்குப் போட்டாள். ராவுத்தர் இன்னொரு முறை ஆரம்பித்தார். “அம்மா, நான் சொல்வதை நம்பு. அந்தப் பெண்...”

“போதும்” என்றாள், கோபமில்லாமலே. சற்று தூரம் நடந்த பிறகு, “அன்று அவள் கையை நீட்டிச் சொன்னாளே, கொடு என்பதற்கு. எனக்கு மறக்கவே இல்லை. அன்று நான் பயந்தேன். பெருநாளுக்கு வரும்போது அவள் பாஷையிலேயே நான் கேட்க வேண்டும்” என்றாள்.

பழச்சீப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

“தா” என்றாள். “சரியாகச் சொல்கிறேனா?”

ராவுத்தர் ரப்பர் மரங்களைப் பார்த்தார்.

“சரி” என்றார்.

ஸ்டேஷன் வரும்வரை அவள் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள்.