நடுவில் நின்ற முள்

விடியும் முன்பே ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் கிடத்தியிருந்தேன். குழாயைப் பிடித்து அதன் முகத்தில் தண்ணீர் அடித்தால் வெள்ளையாக வழிந்தது. கல்தூள். மெல்லிய தகடுகளுக்கு இடையே மாவாகப் புகுந்து, ஈரம் பட்டுச் சிமெண்டாக இறுகியிருந்தது. கம்பியால் குத்திக் குத்தி எடுத்ததில் விரல் நுனிகள் கிழிந்தன. உட்புறம் அதைவிட மோசம். மேலே ஒரு வாளி ஊற்றினால் கீழே ஜலதோஷக்காரன் மூக்கு மாதிரி சொட்டியது. குவாரிக் குட்டைத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றி ஓட்டினால் உள்ளே துரு பிடிக்காமல் பூவா பூக்கும்?

எட்டு மணிக்குள் மாட்டிக் கொடுக்க வேண்டும், வண்டி மேட்டுக்குப் போக வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. இரண்டு நாளுக்கு முன் என் தங்கை புருஷனின் முகத்தில் கொதிநீரைக் கொட்டிய வண்டி அது. அதே வண்டி. மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை.

எங்கள் குவாரியில் எட்டு ஜீப்புகள். கீழ்முற்றத்திலிருந்து பாறை முகம் வரைக்கும் இருப்பதைப் பாதை என்று சொன்னால் பாதைக்கு அவமானம். லாரி ஏறாது. துளை போடுகிற ஆட்களும் கம்பிகளும் டீசல் கேன்களும் ஜீப்பில்தான் போக வேண்டும். நாலு சக்கரமும் இழுக்க, முதல் கியரில் ஆமை வேகத்தில் ஏறும். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. தூள் அடைத்த ரேடியேட்டர் என்றால் பாதி மேட்டிலேயே என்ஜின் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் கொதித்தது. முன்னால் லேசாக ஆவி வந்ததும் வண்டியை நிறுத்தியிருக்கிறார். சூடு காட்டும் மீட்டரைப் பார்த்திருக்கிறார். முள் நடுவில் நின்றது. சூடு இல்லை, ஏதோ ரப்பர் குழாயில்தான் கசிவு என்று முடிவு செய்து, துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறார். இடது கண் வருமா வராதா என்று இன்னும் டாக்டர் சொல்லவில்லை.

முதலாளி மட்டும் உடனே சொல்லிவிட்டார். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு, வேலை நீக்கம், ஞாயிற்றுக்கிழமைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மற்ற ஏழு டிரைவர்களும் "ஆமாம், கவனக்குறைவுதான்" என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் இன்று எட்டு மணி.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் குவாரியின் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன், முள் சிவப்பைத் தொடும்போதெல்லாம் டிரைவர்கள் வண்டியை நிறுத்தி ஆறவிடுகிறார்கள், நடை குறைகிறது என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மீட்டரெல்லாம் பொய் சொல்லுது, சரி பண்ணு" என்றார். நான் ஒழுங்காகச் சோதித்தேன். என்ஜினில் சூட்டை அறியும் சென்சாரிலிருந்து வயரைப் பிடுங்கினேன், முள் அடியில் விழுந்தது. அதே வயரை என்ஜின் இரும்பில் வைத்தேன், முள் உச்சிக்கு ஏறியது. மீட்டர் நன்றாக இருக்கிறது. சென்சாரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், அதுவும் நன்றாக இருந்தது. பொய் சொன்னது மீட்டர் இல்லை. ரேடியேட்டர்தான் செத்துவிட்டது, எட்டையும் மாற்ற வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம். இப்ப முள்ள மட்டும் நிறுத்து."

நிறுத்தினேன். சென்சார் வயரை வெட்டிவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் நெல்மணி அளவில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் போதும். சாவி போட்ட நொடியில் முள் நடுவுக்கு வந்து நிற்கும், என்ஜின் எரிந்தாலும் நகராது. எட்டு வண்டியிலும் வைத்தேன். "என்னய்யா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே நடுவுல வந்து நிக்குது?" என்று ஒரு டிரைவர் கேட்டார். புது மீட்டர் அப்படித்தான் என்றேன். எங்கள் ஆட்கள் மூக்கை வைத்தே ஓட்டிவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயத்துக்கு அப்படி ஒரு சட்டை மாட்டினேன்.

ரேடியேட்டரை மாட்டி முடிக்கும்போது தங்கை வந்தாள். கல் உடைக்கும் கிரஷரில் பெல்ட் பார்க்கிறவள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள், சேலையில் மருந்து வாடை.

"அவன் கார் ரேடியேட்டரையும் இப்படி அடைச்சு வைக்கிறேன் பாரு," என்றேன். "முதலாளி மூஞ்சியும் வேகட்டும்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வெந்தா என்ன ஆகும்? பெரிய ஆஸ்பத்திரில தனி ரூம்ல படுப்பான். ஊரே பழத்தோட போய்ப் பாக்கும். உன்னப் புடிச்சு உள்ள போடுவாங்க. எனக்கு அது வேண்டாம்ணே."

"பின்ன என்ன வேணும்?"

"அவன் பயப்படணும். எல்லாரும் பாக்கப் பயப்படணும். என் புருஷன் கைய வச்ச மூடில அவனக் கை வைக்கச் சொல்லணும்."

அப்போதாவது நான் செய்ததை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஸ்பேனரை எடுத்துக் கடைசி நட்டை முறுக்கினேன்.

தங்கை போய்ச் சொல்ல, ஏழு மணிக்கு ஹாரன் என்று நாங்கள் கூப்பிடும் டிரைவர் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். டிரைவர்களில் மூத்தவர். ரகசியம் பேசினால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். பாதி மேடு ஏறி, திருப்பி இறங்கி, கீழ்முற்றத்தில் முதலாளி காருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பானட்டின் இடுக்கில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. துளை போடுகிறவர்களும் கிரஷர்ப் பெண்களும் டிரைவர்களுமாக முற்றம் நிறைந்திருந்தது.

முதலாளி பேப்பரை நீட்டினார். "மீட்டர் கண்ணுக்கு முன்னாடியே இருக்கு. பாத்து ஓட்டணும்ல? போடுங்க கையெழுத்து."

"மீட்டர இப்ப பாப்போம் முதலாளி," என்றாள் தங்கை. "முள்ளு எங்க நிக்குது?"

அவர் எட்டிப் பார்த்தார். "நடுவுல."

"அப்ப சூடு இல்ல."

"இல்லதான்."

"அப்ப நீங்களே மூடியத் திறங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா, என் புருஷன்தான் தப்புன்னு முதல் கையெழுத்த நானே போடுறேன்."

ஹாரன் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். சூடு முகத்தில் அடித்தது. முதலாளி ஒரு அடி முன்னால் வந்தார், நின்றார். மூடியைச் சுற்றித் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. துண்டை மடித்துத் தங்கை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோனார், இன்னொரு அடி பின்னால் போனார், கல் தடுக்கித் தடுமாறினார். யாரும் பிடிக்கப் போகவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனித்தது. இரண்டு நாளாக உள்ளே எரிந்துகொண்டிருந்ததற்கு முதல் வாய்த் தண்ணீர் கிடைத்தது போல இருந்தது.

"நீ யாருடி என்னத் திறக்கச் சொல்றது?" என்றார். குரல் உடைந்திருந்தது. பிறகு கண் என் மேல் விழுந்தது. "ரெசிஸ்டர வச்சு முள்ள நிறுத்தினவன் இவன். உன் அண்ணன். அவனப் போய்க் கேளு."

எங்களைப் பிரித்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். முள் நிறுத்தி வைக்கப்பட்டது என்று அத்தனை பேர் முன்னால் தன் வாயாலேயே சொன்னது அவருக்கு உறைக்கவில்லை.

முற்றமே என்னைப் பார்த்தது. "நான்தான் வச்சேன்," என்றேன். "எட்டு வண்டியிலயும். வைக்கச் சொன்னது இவரு. ரேடியேட்டர மாத்தணும்னு சொன்னேன், மாட்டேன்னாரு. தெரிஞ்சேதான் வச்சேன்."

தங்கை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. "உன்கிட்ட அப்புறம் வர்றேன்," என்றாள். திரும்பி அந்தப் பேப்பரை வாங்கினாள், நாலாகக் கிழித்தாள்.

"வச்சவனுக்குக் கழட்டத் தெரியும்ல?" என்றார் ஹாரன். கேட்டுக்கு வெளியே இருந்த நாய்கள் எழுந்தன. "கழட்டு. எல்லாத்தையும் இப்பவே கழட்டு. வேலைநீக்கக் கடிதத்த வாபஸ் வாங்கி, எட்டு ரேடியேட்டரும் வர்ற வரைக்கும் ஒரு சக்கரம் மேல ஏறாது."

"நாளைக்கு வேற ஆளு வருவான்," என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார்.

ஒவ்வொரு வண்டியாகத் தலையை விட்டுக் கழற்றினேன். யாரும் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, கேட்கவும் எனக்கு வாயில்லை. மாலைக்குள் எட்டு முள்ளும் பழையபடி என்ஜினோடு பேசத் தொடங்கின.

மறுநாள் விடியும்போது ஒரு வேன் நிறைய வெளி டிரைவர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் பெண்கள் கல்லை எடுக்காத குறை. ஹாரன்தான் கையைக் காட்டி நிறுத்தினார். "வழி விடுங்க. அவங்களும் நம்ம மாதிரி வண்டி ஓட்டிச் சாப்பிடுறவங்கதான். முள்ளப் பாத்து ஓட்டுங்கப்பா, வேற ஒண்ணும் சொல்லல."

எட்டு ஜீப்பும் வரிசையாக ஏறின. பாதி மேட்டில், வளைவில், முதல் வண்டி நின்றது. பின்னால் இரண்டாவது நின்றது. பிறகு எல்லாம். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் நடந்தே இறங்கி வந்தார்கள்.

"ஏண்டா நிறுத்தின?" என்று முதலாளி கத்தினார். "மீட்டர் கெட்டுப்போச்சு, நீ ஓட்டு."

முன்னால் வந்தவர் நரைத்த மீசைக்காரர், பதறவில்லை. "முப்பது வருஷமா ஓட்டுறேன் சார். கெட்டது எதுன்னு எனக்குத் தெரியும்." சாவியை முதலாளியின் காலடியில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"இங்க ஒருத்தரு வெந்துட்டாருன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. அவரு எந்த வார்டுல இருக்காரு?"

தங்கை சொன்னாள். பாதிப் பேர் கேட்டில் உட்கார்ந்திருப்பது, பாதிப் பேர் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. கிளம்பும்போது நேற்றிலிருந்து முதல்முறையாக அவள் என்னிடம் பேசினாள்.

"நீயும் வா. நீ பண்ணினத அவருகிட்ட உன் வாயாலயே சொல்லு. அவரு என்ன சொன்னாலும் நின்னு கேளு."

கடிதம் வாபஸ் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. மீசைக்காரர் எனக்கு இடப்பக்கம் வந்தார், ஹாரன் வலப்பக்கம் வந்தார், என்னைத் தப்பவிடாமல் கூட்டிப்போகிறார்களா, துணைக்கு வருகிறார்களா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். முதலாளி முற்றத்தில் குனிந்து சாவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.