ஹமீதா பானு வீட்டுச் சிவப்பு நட்சத்திரம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு முதல் முத்துப்பேட்டையில், ஒரு வீட்டு ஆண் வளைகுடாவுக்குப் போனால் மறுவாரமே அந்த வீட்டு மொட்டைமாடிக்கு மேல், தென்னைமர உயரத்தில், ஒரு நட்சத்திரம் வந்து நின்றது. சனங்கள் இரண்டு நாள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் யார் வீட்டு நட்சத்திரம் பெரிது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட வாசற்படி ஏறுமுன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

ஹமீதா பானுவின் கணவர் ஜெய்னுலாபுதீன் துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனபோது வந்தது மஞ்சள் நட்சத்திரம், எலுமிச்சை அளவுதான். வெளியே சொல்லிக்கொள்ளவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நான்காம் வருஷம் அது சிவந்து பருக்கத் தொடங்கியது. பரங்கிக்காய் அளவாகி, அண்டா அளவாகி, தெருமுனைவரை வெளிச்சம் அடித்தது. ஹமீதா பானுவுக்குத் தலைகால் புரியவில்லை. வட்டிலப்பம் செய்து தெரு முழுக்கக் கொடுத்தாள். அடுத்த வீட்டு ஞானாம்பாளின் மகன் தமிழரசன் மஸ்கட்டில் வெல்டர். அவனுடைய நட்சத்திரம் மிளகு அளவில் நீலமாக மினுக்கிக்கொண்டிருந்தது. கொசுவத்தி முனைகூட இதைவிடப் பெரிது என்று ஹமீதா பானு கேலி பேசினாள். ஆனால் ஞானாம்பாள் மாடியில் பரப்பிய மிளகாய் மழைக்காலத்திலும் விடிவதற்குள் சுக்காகக் காய்ந்தது. இவள் மாடி மிளகாயில் பூசணம் பூத்தது. அதைக் கொல்லையில் கொட்டி, யாரும் பார்க்குமுன் மண்ணைத் தள்ளி மூடினாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜெய்னுலாபுதீன் போன் செய்வார். உடம்பு முடியவில்லை, வந்துவிடட்டுமா என்று பலமுறை கேட்டுவிட்டார்.

"ஊரே அண்ணாந்து பாக்குது மச்சான். இந்த நேரத்துல வந்து அதை அணைச்சுப்புடாதீங்க. இன்னும் ஒரு வருஷம் இருங்க" என்றாள். சரி என்று வைத்துவிட்டார்.

தொண்ணூற்றெட்டில் வானாராய்ச்சிக்காரர்கள் இருவர் ஜீப்பில் வந்து, வீடு வீடாகத் தொலைநோக்கி வைத்துப் பார்த்து, ஒரு பெரிய தாளில் குறுக்கே சூட்டையும் நெடுக்கே வெளிச்சத்தையும் வைத்துப் புள்ளி குத்தினார்கள். பெரும்பாலான வீடுகள் ஒரே சாய்வான வரிசையில் விழுந்தன. ஹமீதா பானுவின் வீடு தனியாக மேல்மூலையில் நின்றது. முதல் பரிசு தனக்குத்தான் என்று அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவர்களோ, நிறம்தான் சூட்டைச் சொல்லும், நீலம்தான் உச்சம், பிறகு வெள்ளை, மஞ்சள், சிவப்பு கடைசி என்றார்கள். அப்படியானால் தன்னுடையது ஏன் இவ்வளவு பிரகாசம் என்று கேட்டாள்.

"உள்ளுக்குள்ள எரிய வேண்டியது தீர்ந்துபோச்சும்மா. அதான் ஊதிப்போச்சு. பெரிசா இருக்கறதால வெளிச்சம், அவ்வளவுதான்" என்றார் மூத்தவர்.

அந்த மாசமே ஜெய்னுலாபுதீன் வந்து சேர்ந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. இரண்டு பேர் தாங்கி வேனிலிருந்து இறக்கினார்கள். வெயில் வேலையில் சிறுநீரகம் கெட்டுவிட்டது, நான்காம் வருஷமே வீக்கம் கண்டுவிட்டது என்று அவர் சொன்னபோது ஹமீதா பானுவுக்குப் பூமி பிளந்து உள்வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. முற்றத்துக் கட்டிலில் படுத்தபடி அவர் மேலே பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றார்.

"நான்தான் உங்களை வரவிடல மச்சான்."

"தெரியும். காலைக் கொஞ்சம் பிடிச்சுவிடு."

ஊருக்குத் திரும்பியவர்களின் நட்சத்திரம் மறைந்துவிடுவது வழக்கம், இது மறையவில்லை. தெருப் பிள்ளைகள் அதன் அடியில் கேரம் ஆடினார்கள், மின்சாரம் போனால் யாரும் விளக்குத் தேடவில்லை. ஹமீதா பானு மட்டும் அதற்குப் பிறகு அண்ணாந்து பார்க்கவே இல்லை. தினமும் மாலையில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் கணவரின் காலைப் பிடித்துவிட்டாள். அவள் விரல் அழுந்திய குழிகள் வெகுநேரம் மேலெழாமல் அப்படியே கிடந்தன.