ரயில்வே கேட் எழுதிய பரிந்துரை

எங்கள் மாவட்டத்தில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வைக்க வேண்டும். ஒன்று ஆசிரியர் தருவது. இன்னொன்று, மாணவரை ஐந்து வருடங்களுக்குக் குறையாமல் அறிந்த ஒரு பொருள் தருவது. பொருள் நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது. அதனால்தான் என் கடையின் ஜெராக்ஸ் மெஷின் என் மகளுக்கு எழுத முடியாமல் போயிற்று. அது அவளைத் தொட்டிலில் இருந்தே பார்த்து வருகிறது. மாமா முறை ஆகிறது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எந்தப் பிள்ளையின் விண்ணப்பமும் என் கையைத் தாண்டித்தான் போகும். பெஞ்சுகள் சுருக்கமாக எழுதும். சைக்கிள்கள் கொஞ்சம் மிகைப்படுத்தும். கரும்பலகைகள் நன்றாக ஆரம்பித்துப் பாதியில் அழித்துவிடும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆகவே என் மகள் பிரம்மசக்தி கப்பல் கட்டும் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றபோது, மாவட்டத்திலேயே செல்வாக்கான கடிதத்தை வாங்கித் தருவது என் பொறுப்பு என்று நினைத்தேன். மொத்தமே நாற்பது இடங்கள்தான். அதில் ஒன்று அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

பெரிய இடத்துப் பிள்ளைகள் எல்லாரும் கலங்கரை விளக்கத்திடம் வாங்கினார்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரர் மகன் கிளாட்வின் வாங்கிய கடிதத்தை நான்தான் நகலெடுத்தேன். ‘இம்மாணவரின் ஒளிமயமான எதிர்காலத்தைத் தொலைவிலிருந்தே காண்கிறேன்’ என்று இருந்தது. அதே வரியை அந்த வாரத்தில் முப்பத்தோரு பிள்ளைகளுக்கு நகலெடுத்தேன். பெயர் மட்டும் மாறியது. இருந்தாலும் கலங்கரை விளக்கம் கலங்கரை விளக்கம்தானே. ஒரு தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு நானும் போய் வரிசையில் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டாவது கடிதத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

சக்தி அதை ஒருமுறை படித்தாள்.

“இது என்னயப் பாத்ததே இல்லம்மா” என்றாள். ரயில்வே கேட்டிடம்தான் எழுதி வாங்கப் போவதாகச் சொன்னாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து காலையும் மாலையும் அவள் அந்த கேட்டின் முன்னால் நின்றிருக்கிறாள். நின்றது மட்டும் என்றால் பரவாயில்லை.

“ஏட்டி, கேட் அடச்சிருக்கும்போது எத்தன தடவ குனிஞ்சு போயிருக்க? அது எழுதாம விடுமா?”

“பதினோரு தடவம்மா. எழுதட்டும். நடந்ததுதான.”

மறுநாள் காலை அவளே போய் முறைப்படி விஷயத்தைச் சொல்லி, வெள்ளைத் தாளைத் தூணில் கட்டிவிட்டு வந்தாள். கேட் உடனே இறங்கி எழுத ஆரம்பித்தது. மூன்று நாள் எழுதியது. ரயில்கள் வந்தன, போயின, கேட் எழும்பவில்லை. இரண்டு பக்கமும் பஸ்கள் பெட்ரோல் பங்க் வரைக்கும் நின்றன. இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் சாலையிலேயே பாடம் நடத்தினார்கள். பால் வண்டிக்காரர் இரண்டாம் நாள் தயிர் விற்றார். யாரும் குனிந்து போகவில்லை. எழுதுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாருக்குக் கடிதம் என்று ஒரு கண்டக்டர் விசாரித்தார். ஜெராக்ஸ் கடையம்மா மகளுக்கு என்று கேட் கீப்பர் தங்கசாமி அண்ணாச்சி பதில் சொன்னார். நான் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன். கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் கடிதம் கைக்கு வந்தது. கேட் தன் நிறங்களிலேயே எழுதியிருந்தது. ஒரு வரி சிவப்பு, அடுத்த வரி வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளை வரிகளைப் படிக்க வழியில்லை. சிவப்பு வரிகளில் பதினோரு தேதிகள் இருந்தன. ‘ஜூலை 9, காலை 8.41. குனிந்து சென்றார்.’ இப்படியே கடைசி வரை. மெஷினில் வைத்துக் கருமையைக் கூட்டிப் பார்த்தேன். தாளோடு சேர்ந்து அந்த வரிகளும் கருத்தன.

விண்ணப்பத்தை உறையில் போடும் வேலையை சக்தி என்னிடம் விட்டிருந்தாள். ஒரு பொருளின் கடிதம்தான் வைக்கலாம். இடது கையில் கலங்கரை விளக்கத்தின் கடிதம், வலது கையில் கேட்டின் கடிதம். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாற்றி வைத்தால் அவளுக்குத் தெரியப் போவதில்லை. கடைசியில் கலங்கரை விளக்கத்தின் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் காலியாக இருந்தது. மெஷின் தட்டில் ரஃப் பேப்பரோடு போட்டேன். என் மகள் தைரியமாக எடுத்த முடிவைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. கேட்டின் கடிதத்தை வைத்து உறையை ஒட்டினேன்.

பெட்டியோடு நேர்காணலுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. கடற்கரையிலேயே ஏழு மாடிக் கட்டடம். பெற்றோரைப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மூன்று பேராசிரியர்கள் சிவப்பு வரிகளைப் படித்துவிட்டு, இது உண்மையா என்று அவளிடம் கேட்டார்கள். உண்மைதான் என்றாள். நடுவில் இருந்த அம்மையார் எழுந்து, தாளைக் கரும்பலகையில் வைத்து, ஒரு நிமிடம் உள்ளங்கையால் அழுத்தி, உரித்தெடுத்தார். வெள்ளை வரிகள் பலகையிலேயே தங்கிவிட்டன. அவர் வாய்விட்டுப் படித்தார்.

“மற்ற எல்லா நாளும் நின்றார். கூட்ஸ் வண்டிகளின் பெட்டிகளை எண்ணி, வேகத்தைக் கணக்கிட்டு, விடையை எனக்கும் சொன்னார். பதினோராவது முறை குனிந்து சென்றவர், தண்டவாளம் வரை போய், திரும்பி வந்து என் முன்னால் நின்றார். அதன்பின் குனியவில்லை. நாற்பது வருடமாக ஏறி இறங்குகிறேன். வேறு யாரும் திரும்பி வந்ததில்லை.”

அவள் திரும்பி வந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவள் என் வயிற்றில் பிறந்தவளா என்று பெருமையாக இருந்தது.

சேர்க்கை ஆணையில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். வகுப்பு இப்போதே தொடங்குகிறது, பெற்றோர் இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சக்தி என் சேலை முந்தானையைச் சரிசெய்துவிட்டு, வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். நான் மணலுக்கு வந்ததும் வாசற்படிகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மொட்டை மாடியில் சங்கு ஊதியது. பல்கலைக்கழகம் ஏழு மாடிகளோடும் மெதுவாகக் கரையைவிட்டுப் புறப்பட்டது. நான்கு வருடத்தில் திரும்பும் என்று காவலாளி சொன்னார்.

முழங்கால்வரை தண்ணீரில் நின்று கையசைத்தேன். பக்கத்தில் ஒரு அம்மா தன் மகன் எந்த ஜன்னலில் நிற்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

“நாலாவது மாடி, கடைசி ஜன்னல், ரெட்டச் சடை” என்று அவளுக்குக் காட்டினேன். “அது எம் மவ.”