பின்கதவுக்காரன்

ஸ்ரீபெரும்புதூரில் எல்லாருக்கும் அவன் ஹெரால்டு தாவீது. பெருங்களத்தூர் ஃபாக்டரியில் பத்தொன்பது வருஷம் இருந்தவன், ஹெரால்டு காரையே தன் கையால் செய்தவன் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை அவன் ஒரு நாளும் மறுத்ததில்லை. மறுத்திருக்கலாம், பாவி.

உள்ளது இதுதான். அந்தக் குட்டிக் கார் மதராஸில் வந்த புதிதில் அதற்கு இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போகிறவள் பட்டுப்புடவை கட்டிய மாமியாராக இருப்பாள் என்று சீமைக்காரனுக்கு எப்படித் தெரியும்? முன்சீட்டை மடக்கி, குனிந்து, கொசுவம் மாட்டிக்கொண்டு, கல்யாண மண்டப வாசலில் மானம் போனதுதான் மிச்சம். அறுபதுகளின் கடைசியில் நம் ஆட்களே அதற்கு நாலு கதவு வைத்தார்கள். அந்தப் புதுக் கதவுகளை மாட்டுவதற்கென்று எடுத்தவர்களில் ஒருவன் தாவீது. இடது பின்கதவு. கீலைப் பொருத்து, போல்ட்டை முடுக்கு, இடுக்கு சரியா என்று பார், அடுத்த வண்டி. லைனில் தனக்கு முன்னால் என்ன செய்கிறார்கள், பின்னால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. ஹெரால்டு போய் வேறு பெயரில் வண்டி வந்தது, வேன் வந்தது, எல்லாவற்றுக்கும் அவன் கதவுதான் மாட்டினான். அப்புறம் வடக்கேயிருந்து வந்த மாருதி ரோட்டையெல்லாம் அடைத்துக்கொண்டது. பெருங்களத்தூர் கேட்டில் பூட்டு விழுந்தது.

தாவீது மனைவி ஞானம்மாவின் ஊரான ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, பெங்களூர் ரோட்டோரம் ஷெட் போட்டான். சுற்றுவட்டாரத்து ஹெரால்டுகளெல்லாம் அவனைத் தேடி வந்தன. பிரித்துப் போட்டுப் பார்த்துப் பார்த்து ஓரளவு கற்றுக்கொண்டான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

வல்லக்கோட்டை நடேசனிடம் ஒரு வெள்ளை ஹெரால்டு இருந்தது. ஹைவேயில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை முருகன் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போவான். ஒரு காலத்தில் மொடாக்குடியன். பெண்டாட்டி சின்னப்பொண்ணு இழுத்துக்கொண்டு போய் முருகன் சன்னதியில் சத்தியம் வாங்கியதிலிருந்து, ஒன்றரை வருஷமாகத் தொடவில்லை. ஒரே மகள் தென்றல், பத்தாவது படித்தாள். லீவு நாளில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் கோயில் பெருமை பேசுவது அவள்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் வண்டியை சர்வீஸுக்கு விட்டான் நடேசன்.

"இன்னா தாவீதே, எல்லாம் கரீட்டா கீதா? கிருத்திகைக்கு நாள் முழுக்க ஓடணும்யா."

"எட்த்துகினு போய்யா. நான் செஞ்ச வண்டி" என்றான் தாவீது.

கிருத்திகையன்று காலை, முதல் சவாரி ஏற்றக் காலி வண்டியில் ஹைவேக்கு வரும் வழியில், ஒரு வளைவில், இடது முன்சக்கரம் அப்படியே உள்ளே மடிந்து வண்டி பாலத்துக் கட்டையில் மோதியது. பக்கத்தில் இருந்த தென்றல் அங்கேயே போய்விட்டாள். நடேசனை நெஞ்செலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்தே ஊரில் எங்கே பார்த்தாலும் போலீஸ். அவர்கள் வந்து எழுதிக்கொண்டு போனபின், உறவுக்காரர்கள் வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து தாவீதின் ஷெட்டில் விட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் தாவீது அந்தச் சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்தைத் தாங்குகிற மூட்டு இரண்டாக முறிந்திருந்தது. அவன் அடித்த கிரீஸ் வாயிலேயே மஞ்சளாக நின்றுவிட்டிருந்தது. உள்ளே மரை சுண்ணாம்பு போலக் காய்ந்து, தேய்ந்து, துருவாகக் கொட்டியது. அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. லைனில் அவனுக்கு வெகு முன்னால் ஒருத்தன் ஆயில் கேனோடு நிற்பான்; ஷிப்டுக்குப் போகிற வழியில் பார்த்ததுண்டு. அந்த மூட்டுக்கு அவன் ஆயில்தான் விடுவான். மற்ற வண்டிகளில் அந்த இடத்தில் கிரீஸ்; ஹெரால்டில் மட்டும் ஆயில். மூன்று வருஷமாகத் தாவீது அதில் கிரீஸை அடைத்துக்கொண்டிருந்தான். தெரிந்து செய்யவில்லை, சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை. ஐயோ ஆண்டவரே என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னப்பொண்ணுவின் தம்பி கோதண்டம் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அண்ணாத்த, மாமாவுக்கு நெனவு கீது. வண்டி தானா இழுத்துகினு போச்சுன்றாரு. மறுபடி குடிச்சிட்டு ஓட்டினாருன்னு ஊரே பேசுது. அக்கா ஆஸ்பத்திரி வாசல்லயே குந்திகினு கீது, உள்ள போவ மாட்டேங்குது. உன்னாண்ட கேட்டுகினு வரச் சொல்லிச்சு. வண்டியில கோளாறு எதுனா கீதா?"

முறிந்த துண்டு தாவீதின் காலடியில், சாக்குக்குக் கீழே கிடந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்லப்பா" என்றான்.

கோதண்டம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தால் போதும். தாவீது கூப்பிடவில்லை. நடேசன் பிழைத்து வரட்டும், வந்ததும் காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டான். மூன்றாம் நாள் ஞானம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "சின்னப்பொண்ணு இன்னும் புருசன் மூஞ்சியப் பாக்கலியாம், பாவம்" என்றாள். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் நாள் நடேசன் செத்துப்போனான்.

கருமாதிக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். தாவீது நேராகப் போய், காகிதத்தில் சுற்றி வைத்திருந்த துண்டைச் சின்னப்பொண்ணு முன்னால் பிரித்து வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். தான் வண்டி செய்தவன் இல்லை, வெறும் பின்கதவுக்காரன் என்பதையும் சொன்னான். "அவரு குடிக்கல தங்கச்சி. சத்தியத்த மீறல. தப்பு பண்ணவன் நாந்தான்." சொல்லும்போதே அழுதான்.

கோதண்டம் பாய்ந்து சட்டையைப் பிடித்தான். சின்னப்பொண்ணு, "வுட்றா" என்றாள். அவள் அந்தத் துண்டைத் தொடவில்லை.

"இத்த எப்பண்ணே பாத்த?"

"அடுத்த நாளு காலையில."

"இவன் வந்து கேக்கும்போதே தெரியுமா?"

தாவீது தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்."

அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. வெறும் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நர்ஸம்மா தெனம் வந்து கூப்ட்டாங்க. உம் பேரத்தான் சொல்லிகினு கீறாரு, ஒரு தபா வந்து நில்லும்மான்னாங்க. எம் பொண்ணக் கொன்னவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், அத்த அப்டியே போய் சொல்லுங்கன்னேன். சொல்லிட்டாங்களாம். அதுக்கப்புறம் அவரு யாரையுமே கூப்டலியாம்."

தாவீது கைகூப்பினான்.

"நீ தெரியாம கிரீஸ் அடிச்ச, அது போவட்டும்ணே" என்றாள். "அவரு குடிக்கலன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு, அவராண்ட இப்ப யாருண்ணே போய் சொல்றது?"