பன்னிரண்டு மெயில், ஒரே கம்ப்யூட்டர்

அவளைத் தம்பி ‘துருவி’ என்றுதான் கூப்பிடுவான். எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அந்தக் குணத்துக்குச் சம்பளமும் கிடைக்கும்படி ஒரு வேலை வாய்த்தது. நிறுவனங்களின் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழையும் முன்னே, எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த முறை ஒரு மருந்துக் கிடங்கு. அங்கே வேலை பார்க்கும் பதினைந்து பேருக்கும் ‘லீவு விதிகளில் மாற்றம்’ என்று ஒரு பொய் மெயில் அனுப்பினாள். ஆளுக்கொரு தனி லிங்க். காலை பத்து மணிக்குள் பன்னிரண்டு லிங்கைத் திறந்துவிட்டார்கள். அதுகூடப் பெரிதில்லை. பன்னிரண்டும் திறந்தது ஒரே கம்ப்யூட்டரில்! இப்படியொரு கூத்தை அவள் பார்த்ததேயில்லை.

சோதனை உண்டு என்று மானேஜருக்குத் தெரியும். எந்த நாள், எந்த மெயில் என்று தெரியாது. “ஒரு கம்ப்யூட்டர் மாட்டியிருக்கு” என்று சொன்னதுமே குதித்தார்.

“போன வருஷம் ஒருத்தன் கண்டதைத் திறந்தான். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பினேன். இது யாருன்னு மட்டும் கண்டுபிடிங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

அந்தக் கம்ப்யூட்டர் கிடங்கின் கோடியில், லாரிகளில் பெட்டி ஏற்றும் வாசலருகே இருந்தது. அதன் முன்னால் ஸ்டோர் அக்கா. எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்து என்று சீட்டு அடித்துக் கொடுப்பவர்.

“அக்கா, ஒரே மெயிலைப் பன்னெண்டு தடவை ஏன் திறந்தீங்க?”

அக்கா ஒளிக்கவில்லை. “பன்னெண்டு பேர் அனுப்பினாங்க, திறந்தேன். போன வருஷத்துக்கப்புறம் எல்லாருக்கும் பயம். சந்தேகமா எது வந்தாலும் எனக்கு அனுப்பிடுவாங்க. பிள்ளகுட்டிக்காரங்க, பாவம். இது ஓட்டைப் பெட்டிதானே, போனா இதோட போகட்டும்.”

“இது நின்னுட்டா என்ன ஆகும்?”

“நின்னுட்டா ஒரு லாரியும் நகரா...” அக்கா பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, என் வேலை போயிடுமாம்மா?”

நடந்ததைத் துருவியால் மறைக்க முடியாது. அது அவள் தொழிலுக்கே துரோகம். அதற்குள் மானேஜர் வந்து நின்றார். உடனே அக்காவின் கை, திரையில் இருந்த மெயில் பட்டியலை மூடப் போனது. தன் தலை போகிற நேரத்திலும் மற்றவர்கள் பெயரை மறைக்கப் பார்க்கிறார்! துருவி அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். பட்டியலின் முதல் வரியை அவள் படித்துவிட்டாள்.

“திறந்தது அக்காதான் சார். யார் யார் திறக்கச் சொன்னாங்கன்னும் பாத்துடுங்க.”

மானேஜர் குனிந்து படித்தார். ‘அக்கா, இது நிஜம்தானான்னு கொஞ்சம் திறந்து பாருங்க.’ அனுப்பியவர் பெயர் அவருடையது.

அவர் காது சிவந்துவிட்டது. “அப்போ இனிமே சந்தேகம்னா யாருக்குத்தான் அனுப்பறது?” என்றார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். இத்தனை நாளும் அந்தக் கிடங்கில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது.

“எனக்கே அனுப்புங்க சார்,” என்றார் அக்கா. “திறக்காம எப்படிப் பாக்கிறதுன்னு இவங்க சொல்லித் தரட்டும். ஆனா தப்பித்தவறித் திறந்துட்டேன்னு யாராவது வந்து சொன்னா வேலை போகாதுன்னு, நீங்க எல்லாருக்கும் ஒரு வார்த்தை எழுதிடுங்க.”

“இப்பவேவா?”

“இப்பவே சார். மத்த பதினோரு பேரும் பயந்துட்டு இருக்காங்க.”